பாதிக் களைப்பு

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்தும் ரெமிஜியுஸுக்குக் கை வலிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

வலித்திருக்க வேண்டும். இது கோயம்புத்தூர் மைதானம். சுற்றிலும் உட்கார்ந்திருந்த பச்சைச் சட்டைக்காரர்கள் அத்தனை பேரும் எதிரணியின் ஆட்கள். தூத்துக்குடியிலிருந்து வந்தவர்கள் வடக்கு மூலையில் ஒரு கைக்குட்டை அளவுக்கு நீலமாகத் தெரிந்தார்கள். நாற்பது பேர் தேறினால் அதிகம். நாற்பது பேர் சுமந்தால் மூன்று இன்னிங்ஸ் தாங்கும். நாலாவதில் தோளுக்குள் யாரோ ஈர மணலை அள்ளிப் போடுகிற மாதிரி கனக்க ஆரம்பிக்கும். வெளியூர் ஆட்டம் என்றால் எப்போதும் அப்படித்தான். இன்றைக்கோ, காலையில் எழுந்து முகம் கழுவின கை மாதிரி இருந்தது.

பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த கேட்சர் சதக்கு முகமூடியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். காயல்பட்டினத்துக்காரன். ரெமி எறிகிற பந்தை வருஷக்கணக்காகப் பிடித்துப் பிடித்து அவனுடைய இடது உள்ளங்கை தோசைக்கல் மாதிரி ஆகியிருந்தது.

“என்ன மாப்ள, மூஞ்சிய இப்படி வச்சிருக்க? ரெண்டுக்கு ஒண்ணு. நாமதான் மேல இருக்கோம்.”

“கை வலிக்கல வே.”

“வலிக்கலன்னு வருத்தப்படுத பிட்ச்சர நான் இன்னைக்குத்தான் பாக்கேன்.”

“அங்க நாப்பது பேருதான வே இருக்காங்க? நீயே எண்ணிப் பாரு. இது நாப்பது பேரு சுமக்குத மாதிரியா இருக்கு? நம்ம ஊர்ல எறியுத மாதிரில்லா இருக்கு.”

சதக்கு வடக்கு மூலையை ஒருமுறை பார்த்தான். “எவனாவது கோயம்புத்தூர்க்காரன் உன் மூஞ்சியப் பாத்துப் பாவப்பட்டு நம்ம பட்டையக் கட்டியிருப்பான்.”

ரெமி சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

கிரிக்கெட்டில் ஒரு ஓவரை வீசி முடித்துவிட்டு எல்லைக்கோட்டுப் பக்கம் போய் நின்று இளைப்பாறலாம். பேஸ்பாலில் அதெல்லாம் கிடையாது. பிட்ச்சர் என்றால் ஒரே ஆள்தான். மைதானத்தின் நடுவில் இருக்கிற மண்மேட்டில் நின்றுகொண்டு, எதிரே மட்டையோடு வருகிற ஒவ்வொருவனுக்கும் அவனேதான் எறிந்தாக வேண்டும். மனிதத் தோள் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. அந்தக் காலத்தில் நூறு பந்து எறிந்தவன் அடுத்த நாலைந்து நாள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிவான். அதற்குள் இன்னொரு ஆட்டத்தில் இறக்கினால் தோள் நூல் நூலாக விட்டுப்போகும்.

பட்டை வந்ததும் அதெல்லாம் மாறிப்போனது. ரெமி அணியில் சேர்ந்த புதிதில் டாக்டர் வேல்மதிதான் அவனுடைய வலது தோளில் தோலைப் போல மெல்லிசான ஓர் உறையை மாட்டிவிட்டு விளக்கினாள்.

“பந்தோட வேகம் உங்களோடது. குறி உங்களோடது. களைப்பு மட்டும் இந்த உறை வழியா வெளிய போயிரும். கேலரில பட்டை கட்டி உக்காந்திருக்காங்கல்லா, அவங்க தோளுக்குப் போயி ஆளுக்குக் கொஞ்சமாச் சேரும்.”

“அப்ப களைப்பே இல்லாமப் போயிருமா டாக்டர்?”

“எங்க இல்லாமப் போறது? அதெல்லாம் அழியாது. இடந்தான் மாறும்.”

தூத்துக்குடி மைதானத்தில் இருபதாயிரம் பேர் உட்காருவார்கள். இருபதாயிரமாகப் பிரித்தால் ஆளுக்கு வருவது ரெண்டு குடம் தண்ணீர் தூக்கின களைப்புதான். சிக்கல் என்னவென்றால், பட்டை மைதானத்துச் சுவருக்குள்ளே மட்டும்தான் வேலை செய்யும். அதனால் சொந்த ஊரில் ஆடுகிற பிட்ச்சர் ஒன்பது இன்னிங்ஸும் கல்லு மாதிரி நிற்பான். வெளியூர் போனவன் பாதியில் சுருண்டுவிடுவான். சொந்த மைதானத்தில் தோற்கிற அணி என்பதே அபூர்வமாகிப் போனது.

அதற்கு ஊர் கொடுத்த விலையும் இருந்தது. நிழல் கேலரியில் உட்கார்ந்தவர்கள் பட்டை கட்டுவதில்லை. மறுநாள் ஆபீஸ் இருக்கிறதாம். கட்டினதெல்லாம் வெயில் கேலரிக்காரர்கள். அவர்களுக்கும்தான் மறுநாள் வேலை இருந்தது. ஆட்டம் நடந்த மறுநாள் உப்பளத்தில் உப்பு வாருகிற பெண்கள் அடிக்கொருதரம் நின்று தோளைப் பிடித்துக்கொள்வார்கள். சலூனில் கத்தரி மெதுவாக நகரும். யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை. “நேத்து ரெமிக்குச் சொமந்தேன்” என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை. அணிகளும் பிட்ச்சர்களைக் குறைத்துவிட்டன. ஊரே சுமக்கும்போது மாற்றாள் எதற்கு? ரெண்டே பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ரெண்டாவது ஆளான செல்வின், நேற்று அரையிறுதியில் முழு ஆட்டமும் எறிந்துவிட்டு இன்றைக்குத் தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்தான்.

ரெமியின் அண்ணன் லூர்து பட்டைக்கு முந்தின காலத்து ஆள். அவன் எறிந்த காலத்தில் தமிழ்நாட்டில் அவனைப் போல எறிய ஆள் இல்லை என்பார்கள். அதனாலேயே ஒருநாள் விட்டு ஒருநாள் அவனை இறக்கினார்கள். இருபத்தாறு வயதில் வலது தோள் போனது. இப்போது அந்தக் கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. திரேஸ்புரத்திலிருந்து ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மீன் லாரி ஓட்டுகிறான். தலை சீவுவது இடது கையால். தம்பி ஆடுகிற ஓர் ஆட்டத்தைக்கூட அவன் மைதானத்துக்கு வந்து பார்த்ததில்லை. வீட்டில் டிவியில் ஆட்டம் ஓடினால் எழுந்து வெளியே போய்விடுவான். அண்ணனுக்கு மனசுக்குள் பொறாமை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ரெமியும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்து வைத்திருந்தான்.

ஆறாவது இன்னிங்ஸிலும் கை வலிக்கவில்லை. ஏழாவதிலும் இல்லை. கோயம்புத்தூர் பேட்டர்கள் ஒவ்வொருவராக வந்து காற்றை வெட்டிவிட்டுப் போனார்கள். ஏழாவது முடிந்து தூத்துக்குடி மட்டை பிடிக்கிற நேரத்தில், ரெமி பெஞ்சில் உட்காராமல் நேரே டாக்டர் வேல்மதியின் மேசைக்குப் போனான். களைப்பு எங்கே எவ்வளவு போகிறது என்று காட்டுகிற திரை அவளுக்கு முன்னால் இருந்தது. பக்கத்தில் பயிற்சியாளர் பொன்பாண்டி அண்ணாச்சி திரையை மறைத்தாற்போல நின்றுகொண்டிருந்தார்.

“டாக்டர், எத்தன பேரு சுமக்காங்க?”

வேல்மதி அண்ணாச்சியைப் பார்த்தாள்.

“உனக்கெதுக்குலே அது?” என்றார் அவர். “போய்த் தண்ணியக் குடி. இன்னும் ரெண்டு இன்னிங்ஸ் கெடக்கு.”

“அண்ணாச்சி, நான் டாக்டர்ட்ட கேட்டேன்.”

“பட்டை நூத்தியிருவது,” என்றாள் வேல்மதி. “ஆளு நாப்பத்தொண்ணு.”

ரெமிக்குப் புரியவில்லை. அவள் அண்ணாச்சியைத் தாண்டிக் கையை நீட்டித் திரையைத் திருப்பினாள். மைதானத்து இருக்கைகளின் படம். வடக்கு மூலையில் மங்கலாக நாற்பது புள்ளிகள். அவற்றிலிருந்து வெகு தூரத்தில், ஸ்கோர் பலகைக்குக் கீழே, பச்சைச் சட்டைக்காரர்கள் நடுவில், ஒரே இருக்கையில் ரத்தக்கட்டு மாதிரி ஒரு சிவப்பு.

“அந்த ஒரு சீட்டுல எம்பது பட்டை. மொத மெஷின்தான் கோளாறுன்னு நெனச்சேன். மெஷின் பட்டையத்தான் எண்ணும், உடம்ப எண்ணாது. எம்பதையும் ஒரே ஆளு கட்டிக்கிட்டு உக்காருவாருன்னு யாரு நெனச்சா?”

“யாரு அது?”

பொன்பாண்டி அண்ணாச்சி தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். “லூர்து,” என்றார்.

அவர்தான் சொன்னார். லூர்து கோயம்புத்தூருக்கு மீன் லோடு ஏற்றுகிறான் என்று தெரிந்ததும் தெருவே பட்டைகளைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்திருக்கிறது. வேளாங்கண்ணிக்குப் போகிறவர் கையில் நம் பேருக்கும் ஒரு மெழுகுவர்த்தி கொடுத்துவிடுவோமே, அந்த மாதிரி. தாங்கள் வர முடியாது, பட்டையாவது போகட்டும், அங்கே யாருக்காவது கட்டிவிடு என்று. ஒரு ஐஸ் பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டது.

“இங்க வந்து ரெண்டு மூணு பேருட்ட கேட்டுப் பாத்துருக்கான். பச்சச் சட்டக்காரன் எவன் கட்டுவான்? மத்தியானம் எங்கிட்ட வந்தான். ‘ஊரு குடுத்துவிட்டத திருப்பிக் கொண்டு போவ முடியாது, நானே கட்டிக்கிடுதேன் அண்ணாச்சி, ரெமிக்குத் தெரிய வேண்டாம்’னான்.”

“நீங்களும் சரின்னுட்டீங்க.”

“அவன் கையக் கெடுத்தவன் நான்லே,” என்றார் அண்ணாச்சி. “ஒருநாள் விட்டு ஒருநாள் எறக்குனது யாரு? இத்தன வருஷத்துல அவன் எங்கிட்ட வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு முடியாதுங்கது?”

ரெமி வேல்மதியிடம் திரும்பினான். “தாங்குமா?”

“ஏழு இன்னிங்ஸ்ல மூணுல ரெண்டு பங்கு ஒரே உடம்புக்குப் போயிருக்கு. இப்படியே போனா சதை கரைஞ்சு ரத்தத்துல கலந்துரும். கிட்னி நின்னுரும். மூணு தரம் அண்ணாச்சிட்ட சொல்லிட்டேன். இனிமே ஒரு பந்துக்குக்கூட நான் பொறுப்பில்ல.”

“அப்ப நான் உறையக் கழத்திருதேன்.”

“அதையும் யோசிச்சேன்.” அவள் தயங்கினாள். “உங்க கைக்கு முழுசாக் களைச்சுப் பழக்கமே இல்ல. ஊரு சொமந்து சொமந்து, தனியா நிக்கிற தெம்பு அதுக்கு இல்லாமப் போச்சு. ரெண்டு இன்னிங்ஸ் முழுசா எறிஞ்சா தோளு என்னாகும்னு எனக்குத் தெரியல.”

ரெமி நடந்தான். அம்பயர் பார்த்தார், தடுக்கவில்லை. ஓரத்து மண் பாதை வழியாக ஸ்கோர் பலகைக்குக் கீழே போய், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றான்.

லூர்து முதல் வரிசையில் இருந்தான். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். சட்டைக்கு அடியில் ரெண்டு கையும், நெஞ்சும், கழுத்துவரை பட்டை பட்டையாகப் புடைத்திருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்து இருக்கைப் பச்சைச் சட்டைக்காரர் அவனுக்குத் தன் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்.

“ஆட்டத்தப் போட்டுட்டு இங்க என்னல செய்யுத?” என்றான் லூர்து.

“நம்ம பேட்டிங்தான் நடக்கு. கழத்துண்ணே.”

“எத?”

“எல்லாத்தையும். டாக்டரம்மா திரையில உன்னைய சிகப்பாக் காட்டுது. செத்துப் போவியாம்.”

“மீனு லோடு ஏத்துறவன் இதுக்கா சாவான்?”

“வெளையாடாத. எனக்காக நீ இப்படிச் செய்யணும்னு யாரு கேட்டா?”

லூர்து சிரித்தான். சிரிக்கவும் வலித்திருக்க வேண்டும், பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டான்.

“உனக்காகன்னு யாருல சொன்னா?”

ரெமி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மொத ரெண்டு இன்னிங்ஸ்ல ஒண்ணும் தெரியல,” என்றான் லூர்து. குரல் தணிந்துவிட்டது. “மூணாவதுல அந்த நெட்டப்பயலுக்கு உள்ள வளைச்சுப் போட்டியே. அப்ப வந்துச்சு. இங்க, இந்தத் தோளெலும்புக்குக் கீழ. பந்து நல்லா வுட்டாத்தான் அந்த எடத்துல வலிக்கும். அது எங்கிட்ட இருந்து செத்துப் போச்சுன்னுல்லா நான் நெனச்சேன்.”

“அண்ணே…”

“ஸ்டீரிங்க ஒடிக்கும்போது எனக்கு வலிக்கும். படுத்தா வலிக்கும். அது சும்மா வலி. இது எறிஞ்ச வலி. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு உனக்குத் தெரியாது. நீ முழுசா எறிஞ்சு களைச்சதே இல்லியே. எல்லாத்தையும் ஊரு வாங்கிக்கிட்டு.”

தம்பியின் மேல் கோபமாக அவன் அதைச் சொல்லவில்லை. பசித்தவன் இன்னொருவன் இலையைப் பார்த்துச் சொல்கிற மாதிரி சொன்னான்.

“அப்ப ஏன் ஒரு நாளும் நீ வரல?”

“வந்தாக் கட்டுவேன். கட்டுனா இது வரும். வந்ததுக்கப்புறம் என்னால விட முடியாதுன்னு எனக்குத் தெரியும்லே.”

பக்கத்துப் பச்சைச் சட்டைக்காரர் விசிறுவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

“சரி,” என்றான் ரெமி கடைசியில். “ஆளுக்குப் பாதி.”

“என்னது?”

“எம்பதக் கழத்து. ஒண்ணே ஒண்ணு கட்டிக்கோ. அங்க இருக்க நாப்பது பேரையும் கழத்தச் சொல்லிருதேன், நீ கழத்துனா மொத்தமும் அவங்க தலையிலதான் விழும். மிச்சம் ரெண்டு இன்னிங்ஸ் நீயும் நானும்தான். உனக்குப் பாதி, எனக்குப் பாதி.”

லூர்து யோசித்தான். “முக்கா எனக்கு.”

“பாதி.”

“நீ எறியணும்லே. நான் சும்மா உக்காந்துதான இருக்கேன்.”

“பாதின்னா பாதி. இல்லன்னா இந்த உறைய இங்கயே கழத்தி எறிஞ்சுட்டுப் போயிருவேன். உனக்கு ஒண்ணும் கெடையாது.”

“மூதி,” என்றான் லூர்து. பிறகு சட்டைப் பொத்தான்களை இடது கையால் ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான். கழற்ற முடியாத பொத்தான்களை அந்தப் பச்சைச் சட்டைக்காரர் கழற்றிவிட்டார்.

மேசைக்குத் திரும்பி வந்து ரெமி சொன்னதை வேல்மதி முழுக்கக் கேட்டாள். லூர்துவின் அளவுகள் ஓடிக்கொண்டிருந்த மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விரல்கள் திரையில் எதையோ தட்டின.

“மாத்திட்டேன்,” என்றாள். “பாதி அவருக்கு, பாதி உங்களுக்கு. போங்க.”

தூத்துக்குடி அந்த இன்னிங்ஸில் ரன் எடுக்கவில்லை. ரெமி மேட்டில் ஏறினான். முதல் பந்திலேயே தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் எறிந்தது வேறு, இது வேறு. பந்து கையை விட்டுப் போனதும் சொந்த ஊரில் ஒன்றுமே மிஞ்சாது, வெளியூரிலும் கொஞ்சம்தான். இப்போது ஒவ்வொரு பந்தும் போகும்போது தோளில் எதையோ விட்டுவிட்டுப் போனது. ஐந்தாறு பந்தில் அது சேர்ந்து ஒரு கல்லானது. பத்துப் பதினைந்தில் கல் சுட ஆரம்பித்தது.

சதக்கு முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மேட்டுக்கு வந்தான்.

“நிப்பாட்டிரலாமா மாப்ள? செல்வின எழுப்பச் சொல்லட்டா?”

“வேண்டாம். பாதிதான் வலிக்கு.”

“பாதியே மூஞ்சில இப்படித் தெரியுதுன்னா, முழுசுக்கு எப்படி இருக்கும்?”

“மிச்சப் பாதி அங்க இருக்கு,” என்று ஸ்கோர் பலகைக்குக் கீழே மோவாயால் காட்டினான் ரெமி.

லூர்து எழுந்து நின்றுகொண்டிருந்தான். திறந்த சட்டைக்குள்ளே தோளில் ஒரே ஒரு நீலப் பட்டை. ரெமி கையைப் பின்னால் கொண்டுபோகும்போதெல்லாம் அவனும் வலது தோளை லேசாகப் பின்னால் இழுத்தான். பந்து போகும்போது அவனும் ஒரு அடி முன்னால் சாய்ந்தான். ஒவ்வொரு தடவையும் அவன் முகம் கோணுவது இங்கேயிருந்தே தெரிந்தது. ரெமிக்கு அதைப் பார்க்கும்போது தோளிலிருந்து ஒரு கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. பாதியை அவன் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறான்.

எட்டாவது முடிந்தது. ஒன்பதாவதில் ரெண்டு பேர் அவுட். கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் முதல் பேஸ் வரை ஓடி வந்து நின்றான். இன்னும் ஒரு அவுட் கிடைத்தால் கோப்பை தூத்துக்குடிக்கு. ரெமி எறிந்த பந்து சதக்கு கையுறையைக் காட்டிய இடத்துக்கு ஒரு சாண் மேலே போனது. அந்த ஒரு சாணும் தோளில் இல்லாத தெம்பு. பேட்டர் விடவில்லை. பந்து வலைக்கு மேலே, லூர்துவின் தலைக்கும் மேலே போய் எங்கேயோ விழுந்தது. பேஸில் நின்றவனுக்கு ஒரு ரன், அடித்தவனுக்கு ஒரு ரன். மூன்றுக்கு ரெண்டு, ஆட்டம் முடிந்தது. பச்சைச் சட்டைகள் எல்லாம் எழுந்து ஆடின.

ரெமி அழவில்லை. மேட்டில் குத்தவைத்து உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்துக்கொண்டான். கை அவனுடையது மாதிரியே இல்லை. ஆனால் அது என்றைக்கும் இத்தனை அவனுடையதாக இருந்ததும் இல்லை. எப்படி ரெண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

வேல்மதி லூர்துவை முதலுதவி அறையில் படுக்க வைத்து ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினாள். நாளைக்குத் தூத்துக்குடியில் ரத்தப் பரிசோதனை, அதுவரை லாரி ஓட்டக் கூடாது, வழியெல்லாம் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றாள். அதனால் அணி பஸ்ஸில் போக, சதக்கு மீன் லாரியை ஓட்ட ஒப்புக்கொண்டான்; ரெமியும் அதிலேயே வருவதாகச் சொன்னான். பொன்பாண்டி அண்ணாச்சி வந்து, கழற்றிப் போட்ட பட்டைகளை அந்த ஐஸ் பெட்டியில் அள்ளிப்போட்டு, பெட்டியைத் தானே தூக்கி லாரியில் வைத்தார். லூர்துவிடம் ஏதோ சொல்ல வந்தார். “பாத்துப் போங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நன்றாக இருட்டின பிறகு தாராபுரம் தாண்டி ஒரு பரோட்டாக் கடையில் நிறுத்தினார்கள். மூன்று இலை போட்டார்கள். இலையில் பரோட்டா விழுந்ததும்தான் சிக்கல் தெரிந்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் வலது கை இலைவரைக்கும் வரவில்லை. ரெமி கையைத் தூக்கிப் பார்த்தான், முழங்கையிலேயே நின்றுவிட்டது. லூர்து இடது கையால் பரோட்டாவைப் பிய்க்கப் பார்க்க, அது இலையோடு சேர்ந்து நகர்ந்து சதக்குவின் மடியில் விழப்போனது.

“ரெண்டு பேரும் கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க,” என்றான் சதக்கு. “நல்ல குடும்பம். அண்ணனுக்கும் வேலையில்ல, தம்பிக்கும் வேலையில்ல.” ரெண்டு இலையிலும் பரோட்டாவைத் துண்டு துண்டாகப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினான். காயல்பட்டினத்தில் அண்ணனைக் கூப்பிடுவது போல லூர்துவைக் கூப்பிட்டான். “காக்கா, மொத நீங்க. வாயத் தொறங்க.”

“லே, ஸ்பூன் கேளுல.”

“கேட்டேன். இல்லையாம். வாயத் தொறங்க.”

கடைக்காரர் பார்த்துச் சிரித்தார். லூர்து வெட்கப்பட்டுக்கொண்டே வாயைத் திறந்தான்.

அப்போதுதான் ரெமியின் போன் அடித்தது. வேல்மதி. இடது கையால் எடுத்துக்கொண்டு கை கழுவுகிற இடத்துக்கு நகர்ந்தான்.

“லூர்து அண்ணன் எப்படி இருக்காங்க?”

“நல்லாருக்கான் டாக்டர். சதக்கு ஊட்டிவிட்டுட்டு இருக்கான்.”

“தண்ணி?”

“குடிச்சிக்கிட்டேதான் வாரான்.”

அவள் பக்கத்திலிருந்து பஸ்ஸின் சத்தம் கேட்டது. “ரெமி அண்ணே, ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. பாதி பாதின்னு மாத்தச் சொன்னீங்கல்லா.”

“ஆமா.”

“நான் மாத்தல. அவரோட அளவு இருந்த நெலமைக்கு, ஒரு பந்தோட களைப்ப ஏத்துனாலே தப்பு. எல்லாத்தையும் அணைச்சுட்டேன். அவரு தோள்ல கட்டியிருந்த அந்த ஒத்தப் பட்டையையும் சேத்து. உங்ககிட்ட சொன்னா அவருக்கும் தெரிஞ்சிரும், அப்புறம் அவரு சும்மா இருக்க மாட்டாரு. அதான் பொய் சொன்னேன். எட்டாவதும் ஒம்பதாவதும் நீங்க தனியாத்தான் எறிஞ்சீங்க.”

“இல்ல டாக்டர்,” என்றான் ரெமி. “பாதிதான் வலிச்சுது. எனக்குத் தெரியும்லா.”

“மெஷின்ல பூச்சியந்தான் அண்ணே இருக்கு. ரெண்டு தரம் பாத்துட்டேன். எனக்கும் புரியல.”

அவன் கடைக்குள்ளே பார்த்தான். லூர்து தலையைச் சாய்த்து, மென்றுகொண்டே, இடது கையால் தன் வலது தோளின் கீழ்ப்புறத்தை மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தான். வலி மருந்து தேய்க்கிற மாதிரி இல்லை. குழந்தை தூங்கிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி.

“கோவமா அண்ணே?” என்றாள் வேல்மதி.

“இல்ல. அவன்ட்ட மட்டும் சொல்லிராதீங்க,” என்று சொல்லிப் போனை வைத்தான்.

திரும்பி வந்து உட்கார்ந்தான். சதக்கு அவன் வாய்க்கு நேரே ஒரு துண்டை நீட்டினான்.

“யாரு போன்ல?” என்றான் லூர்து.

“டாக்டரம்மா. தண்ணி குடிச்சியான்னு கேட்டாங்க.”

“குடிச்சேன், குடிச்சேன்.” லூர்து முன்னால் சாய்ந்தான். கண்ணில் ஒரு மினுக்கம் வந்திருந்தது. “லே, மொத ஏழு இன்னிங்ஸ விடு. அதெல்லாம் ஊரோட சேந்து வாங்குனது. அந்தக் கடைசி ரெண்டு இருக்கே, நீயும் நானும் மட்டும். எட்டாவதுல மூணாவது ஆளுக்கு வேகமா ஒண்ணு போட்டியே, அது எனக்கு அப்படியே தோளோட வந்துச்சு. உக்கார முடியல, எழுந்திருச்சுட்டேன். உனக்கு எப்படி இருந்துச்சு?”

ரெமி மென்று விழுங்கினான்.

“எனக்கு அந்தப் பந்துல அவ்வளவாத் தெரியலண்ணே,” என்றான். “பெரும்பாதி நீ வாங்கிட்டன்னு நெனைக்கேன்.”

லூர்து பின்னால் சாய்ந்துகொண்டான். நிம்மதியாக வாயைத் திறந்து, அடுத்த துண்டுக்காகக் காத்திருந்தான்.